கேள்வி இல்லாமல் எடுக்கும் ஸ்கேன்

தலைவலியானாலும் கை மரத்துப்போனாலும் ஒருமுறை மயங்கி விழுந்தாலும், "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சுடும்" என்பதுதான் பெரும்பாலோர் முதலில் சொல்லும் யோசனை. நோயாளிகளும் உறவினர்களும் மட்டுமல்ல, மருத்துவர்களிலும் பலர் இதை நம்புகிறார்கள். பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமிருந்து வருகிற தமிழ்க் குடும்பங்களின் கையில் ஃபிலிம்கள் அடைத்த பெரிய பிளாஸ்டிக் பை இருக்கும். எப்போது தொடங்கியது, என்ன செய்கிறது என்று மருத்துவர் கேட்டால் பதிலுக்குப் பை நீளும். எல்லாம் அதில் இருக்கிறது என்ற நம்பிக்கை.

எல்லாம் அதில் இல்லை. நரம்பியல் நோய்களில் பெரும்பாலானவற்றை அடையாளம் காட்டுவது நோயாளி சொல்லும் விவரமும் மருத்துவர் கையால் செய்யும் சோதனையும்தான். சி.டி., எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., நரம்புக் கடத்தல் சோதனை, முதுகுத்தண்டு நீர்ச் சோதனை ஆகியவை அந்த விவரத்திலிருந்து எழும் ஒரு கேள்விக்கு விடை தேடுபவை. கேள்வி தெளிவாக இருந்தால் விடை பயன்படும். கேள்வியே இல்லாமல் எடுக்கும் ஸ்கேன், இல்லாத நோயைக் காட்டிப் பயமுறுத்தும். இருக்கிற நோயைக் காட்டாமல் பொய்யான ஆறுதல் தரும். இரண்டும் அன்றாடம் நடக்கின்றன.

கையால் செய்யும் சோதனை நோயாளி அறைக்குள் நடந்து வரும்போதே தொடங்கிவிடுகிறது. கைவீச்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா, திரும்பும்போது எத்தனை அடி வைக்கிறார் என்று மருத்துவர் பார்க்கிறார். பிறகு கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலை வேகமாகத் தட்டச் சொல்கிறார். பார்க்கின்சன் நோயில் அந்தத் தட்டல் போகப்போகச் சிறுத்துத் தேயும். குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் நடக்கச் சொன்னால் சிறுமூளைக் கோளாறு வெளிப்படும். விளக்குப் பொருத்திய சிறு கருவியால் கண்ணுக்குள் பார்த்தால், மண்டைக்குள் அழுத்தம் கூடியிருப்பது பார்வை நரம்பின் வீக்கமாகத் தெரியும். உள்ளங்காலை ஓரமாகக் கீறும்போது பெருவிரல் மேலே எழுந்தால் பழுது மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது. காலுக்குப் போகும் நரம்பில் மட்டும் பழுது என்றால் விரல் அப்படி எழாது. சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனைதான் உடலில் எந்த இடத்தைப் படம் பிடிப்பது என்பதையே தீர்மானிக்கிறது. கால் தள்ளாடுகிறது என்று இடுப்புப் பகுதியை எம்.ஆர்.ஐ. எடுத்து, "நார்மல்" என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்குக் கழுத்தில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருப்பது உண்டு. உள்ளங்காலைக் கீறிப் பார்த்திருந்தால் கழுத்தைத்தான் எடுத்திருப்பார்கள்.

படம் மட்டுமே நோயைச் சொல்லிவிடாது என்பதற்கு இந்திய மருத்துவ வரலாற்றிலேயே அழுத்தமான சான்று இருக்கிறது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், 1980-களில் இந்திய நகரங்களில் பரவியது. வலிப்பு வந்தவர்களை அந்த இயந்திரத்தில் படுக்கவைத்தபோது பலருடைய மூளையில் சின்னஞ்சிறு வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு இது. வளையத்தைக் காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் டிபி மருந்து கொடுத்தார்கள். பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்தால் வளையம் மறைந்திருக்கும். மருந்து வேலை செய்தது என்பதற்கு அதுவே சான்றாகிவிட்டது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் இருந்த குழு இதை அப்படியே ஏற்கவில்லை. அறுவை செய்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே இருந்தது காசநோய் அல்ல; பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமான சிஸ்டிசெர்கஸ். 1989-ல் 'லான்செட்' இதழில் அவர்கள் இதை வெளியிட்டார்கள். புழு தானாகவே சாகும். செத்த புழுவைச் சுற்றிய வளையம் டிபி மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் தானாகவே கரையும். நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் கலந்து பரவுவதால், பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் இது வரும். படம் பொய் சொல்லவில்லை. வளையம் இருந்தது உண்மை. அந்த வளையம் என்ன என்பதைப் படத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ததுதான் பிழை. அந்தப் பிழைக்காக எத்தனையோ பேர் தங்களுக்குத் தேவையே இல்லாத, கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மருந்துகளை விழுங்கினார்கள்.

வேலூர்க் குழு அடுத்துச் செய்த வேலை இன்னும் கவனிக்கத்தக்கது. திசு எடுக்காமலே இந்த வளையத்தை அடையாளம் காண ஓர் அளவுகோலை வகுத்தார்கள். நோய் வலிப்பாக வெளிப்பட்டிருக்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி இருக்கக் கூடாது. கை கால் பலவீனம் நாளுக்கு நாள் ஏறக் கூடாது. உடலின் வேறு பகுதியில் காசநோய் போன்ற நோய் இருக்கக் கூடாது. ஸ்கேனில் தெரியும் வளையம் ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், மூளையை ஒதுக்கித் தள்ளும் அளவு வீக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் பாதிக்கு மேல், நோயாளியிடம் கேட்டும் அவர் உடலைச் சோதித்தும் அறிபவை. ஸ்கேன் அவற்றோடு சேர்ந்தால்தான் பொருள் பெறுகிறது.

மக்களை ஸ்கேன் மையத்துக்கு அதிகமாக அனுப்புவது தலைவலிதான். பெங்களூரு நகரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் 2009–10-ல் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வில், ஓராண்டுக்குள் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 63.9 சதவீதம். ஆய்வுக்கு உட்பட்ட எல்லோரிலும் நால்வரில் ஒருவருக்கு, அதாவது 25.2 சதவீதத்தினருக்கு, மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி இருந்தது. மைக்ரேனைக் காட்டும் ஸ்கேன் எதுவும் கிடையாது. வலி எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, துடிக்கிறதா, குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் தாங்கமுடியாமல் போகிறதா, நடந்தால் கூடுகிறதா என்று கேட்டுத்தான் அதை அறிகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி வந்துபோகும் மைக்ரேனுக்கு, உடல் சோதனையில் குறை ஏதும் இல்லாதபோது, ஸ்கேன் தேவையில்லை என்பதே அமெரிக்கத் தலைவலி மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. வெறும் ஆறுதலுக்காக ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள் என்று பிரிட்டனின் வழிகாட்டு நெறியும் சொல்கிறது.

"எடுத்துப் பாத்தா மனசுக்கு நிம்மதிதானே" என்பது வலுவாகத் தோன்றும் வாதம். அந்த நிம்மதியையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். தினமும் தலைவலி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தும் மற்றவர்களுக்கு எடுக்காமலும் ஒப்பிட்ட லண்டன் ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்தவர்களின் கவலை குறைந்திருந்தது. ஓராண்டில் அந்த வேறுபாடு நீடிக்கவில்லை. வலி திரும்ப வந்ததும் பயமும் திரும்ப வருகிறது. அடுத்த ஸ்கேனும் வருகிறது.

நிம்மதிக்காகப் போனவர் நிம்மதி இழந்து திரும்புவதும் உண்டு. ராட்டர்டாம் நகரில் நோய்க்குறி ஏதும் இல்லாத 2000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வு 2007-ல் வெளியானது. சராசரி வயது 63. அவர்களில் 7.2 சதவீதத்தினருக்குத் தாங்கள் அறியாமலே மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட தழும்பு இருந்தது. 1.8 சதவீதத்தினருக்கு இரத்தக் குழாயில் புடைப்பு. 1.6 சதவீதத்தினருக்குத் தீங்கற்ற கட்டி. இவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் தராமல் கிடப்பவை. ஆனால் ரிப்போர்ட்டில் "கட்டி" என்ற சொல்லைப் படித்த குடும்பம் அதற்குப் பிறகு முன்பு போல் உறங்குவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், இரண்டாவது மருத்துவர், மூன்றாவது மருத்துவர், சில சமயம் தேவையற்ற அறுவைச் சிகிச்சை என்று அது போகிறது. "வெள்ளைப் புள்ளிகள் இருக்கு" என்ற வரிக்காக நடுவயதுக்காரர்கள் படும் பாடு தனி. மைக்ரேன் உள்ளவர்களுக்கும் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்தப் புள்ளிகள் சகஜமாகக் காணப்படுகின்றன.

முதுகு வலியில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. "ஜவ்வு விலகிருக்கு", "எலும்பு தேஞ்சுபோச்சு" என்று எம்.ஆர்.ஐ.யைக் காட்டிச் சொல்லாத இடம் குறைவு. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 1994-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலாவது ஜவ்வு என்கிற முதுகெலும்பு வட்டு புடைத்திருந்தது. 27 சதவீதத்தினருக்குப் பிதுங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதமே. வலி இல்லாதவர்களிடமே இவ்வளவு என்றால், வலியோடு வருபவரின் படத்தில் ஒரு புடைப்பு தெரிவதால் வலிக்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? வலி காலில் எந்தக் கோட்டில் இறங்குகிறது, அந்தக் கோட்டுக்குரிய தசை தளர்ந்திருக்கிறதா, அனிச்சைத் துடிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்த்து, அவை படத்தில் தெரியும் புடைப்போடு ஒத்துப்போனால் மட்டுமே அதைக் காரணம் எனலாம்.

வலிப்புக்கு எடுக்கும் இ.இ.ஜி. பற்றிய தவறான எண்ணம் வேறு வகை. தலையில் பசை தடவி மின்முனைகளை ஒட்டி, அரை மணி நேரம் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனை அது. அந்த அரை மணியில் மூளை அமைதியாக இருந்தால் பதிவும் அமைதியாகவே இருக்கும். வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாக வருகிறது; தூக்கம் குறைத்து, தூங்கும்போது பதிந்து, மறுபடி எடுத்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும். எதிர்ப்பக்கமும் உண்டு: வலிப்பே வராத ஆரோக்கியமானவர்களில் சிலருக்கும் வலிப்பு அலை போன்ற பதிவு வரும். ஆகவே "இ.இ.ஜி. நார்மல், வலிப்பு இல்லை" என்பதும் "இ.இ.ஜி.யில் இருக்கு, மாத்திரை போடுங்க" என்பதும் ஒருசேரத் தவறலாம். மயக்கத்தை வலிப்பு என்று தவறாகக் கணித்து ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கியவர்கள் உலகெங்கும் உண்டு. பக்கத்தில் இருந்தவர் பார்த்ததைச் சொல்வதே இங்கே பெரிய சோதனை. முகம் வெளுத்து வியர்த்து, நின்றபடியே சரிந்தாரா? கண் திறந்திருந்ததா? நாக்கின் ஓரம் கடிபட்டதா? தெளிந்த பிறகு எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார்? செல்பேசியில் பிடித்த ஒரு நிமிட வீடியோ, நிபுணரின் கண்ணுக்குப் பல இ.இ.ஜி.களைவிடப் பயன்படுகிறது.

மூளையின் மின்னலையைப் பார்த்தால் மனதுக்குள் இருப்பதே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, அவருக்குச் சம்பவம் நினைவில் இருக்கிறதா என்று கண்டறிவதாகச் சொன்ன 'மூளை வரைபட'ச் சோதனையை ஆராய, நிம்ஹான்ஸ் இயக்குநராக இருந்த டி. நாகராஜா தலைமையில் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அது அறிவியல் முறைப்படி நிறுவப்படவில்லை என்று 2008-ல் அந்தக் குழு சொன்னது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனைகளைச் செய்வது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவுக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இ.இ.ஜி. எதைப் பதிவுசெய்யும், எதைப் பதிவுசெய்யாது என்பதில் நரம்பியலாளர்கள் காட்டிய இந்த எச்சரிக்கை மருத்துவமனைக்குள்ளும் வேண்டும்.

"எம்.ஆர்.ஐ. நார்மல்" என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. எந்த எம்.ஆர்.ஐ. என்று கேட்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் பல வகைப் படங்கள் எடுக்கலாம். எந்த வகை என்பதை மருத்துவர் எழுதும் சீட்டு முடிவுசெய்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களை வைத்து ஜெர்மனியின் பான் நகரில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், வழக்கமான எம்.ஆர்.ஐ.யைப் பொது நிபுணர்கள் படித்தபோது மூளையில் இருந்த பழுதுகளில் 39 சதவீதமே பிடிபட்டன. அதே படங்களை வலிப்பு நோய்ப் படங்களில் தேர்ந்தவர்கள் படித்தபோது 50 சதவீதம். வலிப்புக்கென்றே வகுத்த முறையில் படம் எடுத்து அவர்களே படித்தபோது 91 சதவீதம். இயந்திரத்தை மாற்றியதைவிடக் கேள்வியை மாற்றியதால் வந்த வேறுபாடு இது.

பிரசவத்துக்குப் பிந்தைய தலைவலி இன்னோர் எடுத்துக்காட்டு. குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் ஒரு பெண்ணுக்குக் கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால், மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் உறைகட்டி இருக்கலாம். பெங்களூரில் இந்த நோயை நிறையப் பார்த்தது நிம்ஹான்ஸ். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் இதற்குப் பயன்படுவது பற்றி டி. நாகராஜா குழு 1999-ல் எழுதியது. உடலில் நீர் வற்றுவதும் இந்த நோய்க்கு ஒரு காரணம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று இன்றும் கட்டுப்பாடு போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரண சி.டி.யில் இந்த உறைவு பல நேரம் தெரியாது. சிரைகளைத் தனியாகக் காட்டும் படம் எடுக்க வேண்டும். சீட்டில் "தலைவலி" என்று மட்டும் எழுதி, பிரசவமாகி இரண்டு வாரம் என்பதை எழுதாமல் விட்டால், ஸ்கேன் எடுத்தும் நோய் தப்பிவிடும்.

நோய் இருந்தும் ஸ்கேன் இயல்பாக வருவது அபூர்வமான விஷயம் அல்ல. பார்க்கின்சன் நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சி.டி. இயல்பாகத் தோன்றலாம், அங்கே சி.டி. எடுப்பதே இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யத்தான். கசிவு இல்லையென்றால் நான்கரை மணி நேரத்துக்குள் உறைவைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். அந்த நேரத்தில் "ஸ்கேன் நார்மல்" என்று கேட்டு நோயாளியை வீட்டுக்கு அழைத்துப்போவது பெருந்தீங்கு. கால்களிலிருந்து மேல்நோக்கிப் பரவும் கில்லன்-பாரே வாதத்தில் முதல் வாரத்தில் நரம்புக் கடத்தல் சோதனையும் முதுகுத்தண்டு நீரின் புரத அளவும் இயல்பாக இருக்கலாம். அனிச்சைத் துடிப்பு மறைந்திருப்பதை ஒரு சிறு சுத்தியலால் தட்டி அறிவதுதான் முதல் துப்பு. சர்க்கரை நோயில் பாதம் எரியும் பலருக்குக் கடத்தல் சோதனை ஒன்றும் காட்டாது. அது தடித்த நரம்பு இழைகளை மட்டுமே அளக்கிறது, எரிச்சலைக் கடத்துபவையோ மெல்லிய இழைகள். கை கால் மரத்துப்போவதற்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன், சர்க்கரையும் வைட்டமின் பி12-ம் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். பால், முட்டை, இறைச்சி குறைவாகச் சாப்பிடும் குடும்பங்களில் பி12 குறைவு சகஜம், ஊசியால் சரியாகக் கூடியது; ஒரு இரத்தப் பரிசோதனையின் செலவு எம்.ஆர்.ஐ. செலவில் சிறு பங்கு.

ஸ்கேனுக்கு ஓடுகிற அதே குடும்பங்கள் கையெடுத்துக் கும்பிட்டு மறுக்கிற சோதனை ஒன்று உண்டு. அது முதுகில் தண்ணீர் எடுப்பது. "ஊசி போட்டா கால் விழுந்துடும்" என்ற அச்சம் நகரத்திலும் கிராமத்திலும் ஒன்றுபோல் நிலைத்திருக்கிறது. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்குக் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு இடையிலோ அதற்கும் கீழேயோ. அங்கே தண்டுவடம் இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள் மட்டுமே. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லி நீர் இருக்கிறது. உடல் ஒரு நாளைக்கு 500 மில்லி அளவு புதிதாகச் சுரக்கிறது. சோதனைக்கு எடுக்கும் சில மில்லி சிறிது நேரத்தில் திரும்ப ஊறிவிடும். சிலருக்குப் பிறகு சில நாள் தலைவலி வரும். மெல்லிய, மழுங்கிய முனை ஊசி பயன்படுத்தினால் அதுவும் குறையும். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் ஊசி போட வேண்டும். ஏற்கெனவே மூளைக் காய்ச்சலால் கால் செயலிழந்து கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் சோதனை செய்யப்பட்டதைப் பார்த்தவர்கள், பழியை ஊசிமேல் போட்டார்கள்.

இந்த மறுப்பு உயிரை வாங்குகிறது. காசநோய் மூளைக் காய்ச்சல் மெதுவாகத் தொடங்கும்: இரண்டு மூன்று வாரம் லேசான காய்ச்சல், தலைவலி, சோர்வு, பிறகு குழப்பம். ஆரம்பத்தில் ஸ்கேன் இயல்பாக இருக்கலாம். நீரில் வெள்ளணுக்கள் கூடியிருப்பதும், சர்க்கரை குறைந்து புரதம் ஏறியிருப்பதும், கிருமியின் மரபணுச் சோதனையும்தான் நோயைக் காட்டுகின்றன. நினைவு தெளிவாக இருக்கும்போதே மருந்து தொடங்கினால் பிழைத்து நலமாகும் வாய்ப்பு அதிகம். நினைவு தப்பிய பிறகு தொடங்கினால் சாவும் ஊனமும் பன்மடங்கு. தலைக்கு மூன்று ஸ்கேன் எடுத்துவிட்டு முதுகு நீருக்குக் கையெழுத்துப் போட மறுத்த குடும்பம், நோயாளிக்குத் தேவையில்லாததை வாங்கித் தேவையானதை மறுத்திருக்கிறது.

மறதி நோய்க்கு வரும்போது ஸ்கேனின் வரம்பு இன்னும் தெளிவு. "மூளை சுருங்கிருக்கு" என்ற வரி எழுபது வயதுக்கு மேற்பட்ட பலரின் ரிப்போர்ட்டில் இருக்கும். அவர்களில் பலருக்கு மறதி நோய் கிடையாது. கட்டி, மண்டைக்குள் தேங்கிய இரத்தம், நீர்க்கோப்பு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும். தைராய்டும் பி12-ம் பார்க்க வேண்டும். நோயை நிறுவுவது, அன்றாட வேலையில் என்ன மாறியது என்று கூடவே வாழ்பவர் சொல்லும் விவரமும் நினைவாற்றல் சோதனையும். அந்தச் சோதனை நோயாளியின் தாய்மொழியிலும் படிப்புக்கு ஏற்பவும் இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகாத மூதாட்டியிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, தடுமாறினால் நோய் என்று எழுதுவது அநியாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டுக்கென்று உருவாக்கிய நினைவுச் சோதனைத் தொகுப்பு தொடக்கத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. தமிழ் அதில் இல்லை. பெங்களூரில் சோதிக்கப்படும் தமிழர், தன்னிடம் எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லித் தமிழ் தெரிந்தவரைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஸ்கேன் ஆதரவாளர்களின் கனமான வாதம் மருத்துவர் பற்றாக்குறை. நரம்பியல் நிபுணர்கள் குறைவு, கூட்டம் அதிகம், கேட்டுச் சோதிக்க நேரம் இல்லை, ஸ்கேன் அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்கிறார்கள். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அதற்கு விடை ஸ்கேன் என்பது கணக்குக்கு ஒத்துவராது. நிம்ஹான்ஸின் எம். கௌரி-தேவி தலைமையில் பெங்களூரு நகரிலும் கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த கணக்கெடுப்பில், வலிப்பு நோய் நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7 பேருக்கும் கிராமத்தில் ஆயிரத்துக்கு 11.9 பேருக்கும் இருந்தது. இயந்திரம் எட்டாத இடத்தில்தான் நோய் இரட்டிப்பு. கேட்டறிந்து வலிப்பை அடையாளம் கண்டு, விலை குறைந்த மாத்திரையைத் தொடங்கத் தெரிந்த ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரே அங்கே முதல் தேவை. நிம்ஹான்ஸும் கர்நாடக அரசும் 2022-ல் தொடங்கிய கர்நாடக மூளை நலத் திட்டம், தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மறதி ஆகியவற்றைக் கையாள அத்தகைய மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதைத்தான் வழியாகக் கொண்டது.

ஸ்கேன் பெருகியதற்கு நேரமின்மையைவிட மோசமான காரணமும் உண்டு. 2017 இறுதியில் பெங்களூரில் ஐந்து பரிசோதனை மையங்களிலும் இரண்டு செயற்கைக் கருத்தரிப்பு மையங்களிலும் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. நோயாளியை அனுப்பிய மருத்துவர்களுக்கு எம்.ஆர்.ஐ.க்கு 35 சதவீதமும், சி.டி.க்கும் ஆய்வகச் சோதனைகளுக்கும் 20 சதவீதமும் என்ற அளவில் கமிஷன் போயிருந்ததாகத் துறை அறிவித்தது. நோயாளியை அனுப்பியதற்குப் பணம் வாங்குவதை மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடைசெய்திருக்கின்றன. எம்.ஆர்.ஐ.க்கு நோயாளி கட்டும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சீட்டு எழுதியவருக்குத் திரும்புகிறது என்றால், அந்தச் சீட்டில் இருக்கும் கேள்வி மருத்துவக் கேள்வி அல்ல. நேர்மையான மருத்துவர் "ஸ்கேன் வேண்டாம்" என்று சொல்லும்போது, "இவருக்கு ஒண்ணும் தெரியல" என்று அடுத்த கிளினிக்குக்குப் போகும் பழக்கம் இந்த வியாபாரத்துக்குத்தான் உதவுகிறது.

ஸ்கேன் உடனே எடுக்க வேண்டிய நிலைகளும் உண்டு. அவற்றில் தயங்கினால் ஆபத்து. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, முதல்முறை வலிப்பு, தலையில் அடிபட்டுப் பின் வாந்தியும் மயக்கமும், புற்றுநோயோ எச்.ஐ.வி.யோ உள்ளவரின் புதுத் தலைவலி, முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது. இங்கே கேள்வி தெளிவாக இருக்கிறது. அதனால் ஸ்கேனும் பயன்படுகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு. தலைக்கு ஒருமுறை எடுத்தால் ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். ஒருவர் ஓராண்டில் இயற்கையாகப் பெறுவதற்குக் கொஞ்சம் குறைவு. தேவைப்படும்போது அது பெரிதல்ல. குழந்தைக்குத் திரும்பத் திரும்ப எடுப்பது வேறு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, வலுவான காந்தம் உண்டு: பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் உலோகத் துகள் எதுவானாலும் முன்பே சொல்ல வேண்டும். மாறுபடு மருந்து (கான்ட்ராஸ்ட்) ஏற்றும் முன் சிறுநீரகக் கோளாறும் கர்ப்பமும் சொல்லப்பட வேண்டும்.

சோதனைக்குச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் நோயாளி கேட்கத் தக்கவை மூன்று. எந்த நோயைச் சந்தேகித்து இது? விடை எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்? எடுக்காமல் சில வாரம் பொறுத்தால் என்ன ஆபத்து? மூன்றுக்கும் பதில் இருந்தால் கடன்பட்டாவது எடுக்கலாம். எந்த விடை வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால் எடுக்கத் தேவையில்லை. நிபுணரைப் பார்க்கப் போகும்போது, நோய் தொடங்கிய நாளிலிருந்து நடந்தவற்றை வரிசையாக எழுதிய ஒரு தாள், தின்றுவரும் மாத்திரைகளின் அட்டைகள், வலிப்பென்றால் வீடியோ, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரம் ஆகியவற்றை ஃபிலிம் பைக்கு முன்னால் வைக்க வேண்டும். பழைய ஸ்கேனின் ரிப்போர்ட் மட்டும் போதாது. படங்களே, ஃபிலிமாகவோ குறுந்தகடாகவோ, வேண்டும். நரம்பியல் நிபுணர் தன் கேள்வியோடு அவற்றைத் தானே மறுபடி படிப்பார், புதிய படத்தோடு ஒப்பிடுவார். அதனாலேயே பல சமயம் இன்னொரு ஸ்கேன் தவிர்க்கப்படுகிறது. முன்பு பார்த்த மருத்துவரிடமிருந்து ஆவணங்கள் கிடைக்கவில்லை என்றால் எழுத்தில் கேட்கலாம். கேட்டு 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன.